பேருந்து நிலையக் கழிப்பறை புதிதாகக் கட்டப் போகிறார்கள், என்னென்ன கேட்கலாம்?

செல்வம்:
எங்கள் ஊர் பேருந்து நிலையத்தில் பழைய கழிப்பறையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மா சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். பெண்கள் பக்கம் நான் போக முடியாது, அவரால் தனியாக எழவும் முடியாது. என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் கவுன்சிலர். சாய்தளம் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ராஜி:
தம்பி, முதலில் வாசலைக் கேளுங்கள். சக்கர நாற்காலி போகும் கழிப்பறை அறை ஆண்கள் பகுதிக்குள்ளும் வேண்டாம், பெண்கள் பகுதிக்குள்ளும் வேண்டாம். வெளியிலிருந்து நேராக நுழையத் தனிக் கதவு இருக்கட்டும். மகன் அம்மாவை, மனைவி கணவரை, அப்பா பெண் குழந்தையைக் கூட்டிப் போக அதுதான் வழி. முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து நானும் சக்கர நாற்காலிதான். நான் போன பல இடங்களில் அந்த அறை பூட்டிக் கிடக்கும், சாவி யாரிடம் என்று தெரியாது. திறந்தால் உள்ளே துடைப்பமும் பினாயில் கேனும். துப்புரவுப் பொருள் வைக்கத் தனி இடம் வேண்டும் என்று கட்டாயம் எழுதுங்கள்.

கட்டடக்காரன்:
அளவுகளை எண்ணாக எழுதுங்கள், இல்லாவிட்டால் எஸ்டிமேட்டில் ஏறாது. சாய்தளம் 1:12, அதாவது ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம். கதவு திறந்தால் 90 செ.மீ. வழி. கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம். வெஸ்டர்ன் இருக்கை 45 முதல் 48 செ.மீ. உயரம். கைப்பிடி இரண்டு பக்கமும் கேளுங்கள். உங்கள் அம்மாவுக்குப் பலமுள்ள கை ஒன்று, அடுத்து வருபவருக்கு மற்றது. அழைப்பு மணிக் கயிறு தரையில் கிடப்பவருக்கும் எட்ட வேண்டும். கட்டடங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி கட்டுவதற்கான மத்திய அரசின் 2021 அணுகல் வழிகாட்டு நெறிகளை மனுவில் குறிப்பிடுங்கள்.

மல்லிகா:
நான் திருநங்கை. ஆண்கள் பக்கம் போகப் பயம். பெண்கள் பக்கம் போனால் காசு வாங்குபவர் வாசலிலேயே நிறுத்துகிறார். ராஜி அக்கா சொல்லும் தனி வாசல் எனக்கும் உதவும். ஆனால் அதைக் காட்டிப் பெண்கள் பக்கத்தை எனக்கு அடைத்துவிடக் கூடாது. விரும்பும் பக்கத்தைப் பயன்படுத்த எங்களை அனுமதிக்க வேண்டும் என்று தூய்மை இந்தியா திட்டத்தின் 2017 வழிகாட்டுதலே சொல்கிறது. அப்புறம், ஓர் அறை போதாது அண்ணே. உங்கள் அம்மா அவசரமாக வரும்போது நான் உள்ளே இருந்தால் என்ன செய்வார்? இரண்டாகக் கேளுங்கள். வாசல் ஆள் நடமாட்டம் உள்ள பக்கம் பார்க்கட்டும், பின்சுவர்ப் பக்கம் வேண்டாம். கடைசிப் பேருந்து போகும்வரை விளக்கு எரிய வேண்டும்.

செல்வம்:
தனி வாசல், இரண்டு அறை, வெளியே திறக்கும் கதவு மூன்றையும் மனுவில் முதலில் வைக்கிறேன். ராஜி அக்கா, வரைபடம் கைக்கு வந்ததும் இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.