கூழு குடிச்சும் வயிறு ஊதுது, எங்க தப்பு பண்றேன்?

ராணிப்பேட்டை தம்பி:
வணக்கம். ஷூ கம்பெனியில தையல் லைன்ல இருக்கேன், வயசு 31. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட். ரெண்டு மாசம் முன்ன பல்லுல சீழ் வெச்சு 5 நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். அதுலேர்ந்து மூணு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிய போகுது. குடலுக்கு நல்லதுன்னு பத்து நாளா தெருமுனை வண்டியில காலையில ஒரு பெரிய சொம்பு கேவுரு கூழு, கடிச்சுக்க ஒரு பிடி சின்ன வெங்காயம். முன்னைவிட அதிகமா ஊதுது. வேலை நேரத்துல பாத்ரூம் கேட்டா சூப்பர்வைசர் முகம் சுளிக்கிறாரு. அதனால தண்ணியையே குறைச்சுட்டேன்.

குடியாத்தம் அக்கா:
தம்பி, வருஷா வருஷம் ஆடியில கோயிலுக்குக் கூழு காய்ச்சறவ நான். கூழுக்கு ரெண்டு ராத்திரி வேணும்பா. முதல் ராத்திரி மாவைக் கரைச்சுப் புளிக்க வெக்கணும். காலையில நொய்யை வேக வெச்சு, புளிச்ச மாவை ஊத்தித் துடுப்பால கிண்டணும். கையைத் தண்ணியில நனைச்சுத் தொட்டா ஒட்டக்கூடாது, அதான் பதம். ஆனா அடுப்புல ஏறினதும் முதல் ராத்திரி வளர்ந்த நல்ல கிருமி செத்துடும். ஆறினப்புறம் மண்சட்டியில இன்னொரு ராத்திரி வெச்சாதான் மறுபடி வளரும். காய்ச்சின அன்னைக்கே மோர் கலந்து குடிச்சா வயிறு குளிரும், சத்தும் இருக்கும், ஆனா கூழுல வளர்ற அந்த நல்ல கிருமி கிடைக்காது. வண்டிக்காரர்கிட்ட எப்போ காய்ச்சினதுன்னு கேளு.

எடுத்ததுமே சொம்பு வேணாம். முதல் வாரம் அரை டம்ளர். பச்சை வெங்காயம் பலருக்கு காத்தைக் கிளப்பும், கொஞ்ச நாள் விட்டுப் பாரு. மோர்மிளகா, கீரை மசியல் போதும்.

காட்பாடி, ஓய்வுபெற்ற நர்ஸ்:
அக்கா சொன்னது சரி. நான் கவலைப்படறது தண்ணிக்காக. 100 கிராம் கேழ்வரகுல நார்ச்சத்து 11 கிராம், வெள்ளை அரிசியில 3 கிராம்கூட இல்லை. அவ்வளவு நாரைத் திடீர்னு ஏத்தி, தண்ணியையும் குறைச்சா மலம் இறுகத்தான் செய்யும். வர்றப்ப அடக்கினா குடல் அதுல இருக்கிற தண்ணியை இன்னும் உறிஞ்சிக்கும். தொழிலாளிக்கு எந்நேரமும் கழிப்பறை போக வசதி இருக்கணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே சொல்லியிருந்தாங்க. தயங்காம கேளுங்க தம்பி, இது சலுகை இல்லை.

சாப்பாடு உள்ள போனதும் பெருங்குடல் தானா அசையும். நைட் வாரத்துல தூங்கி எழுந்து முதல்ல சாப்பிட்டதும் பத்து நிமிஷம் போய் உட்காருங்க, வந்தாலும் வராட்டியும். ஆன்டிபயாடிக்குக்கு அப்புறம் குடல் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கு, சிலருக்கு மாசக்கணக்கு ஆகும். மலத்துல ரத்தம், கறுப்பு நிறம், காரணமில்லாம எடை குறையறது, இதுல ஒண்ணு இருந்தாலும் கூழை நம்பி உட்காராம டாக்டரைப் பாருங்க.

ராணிப்பேட்டை தம்பி (மூணு வாரம் கழிச்சு):
நர்ஸம்மா, நீங்க சொன்ன ரத்தம், கறுப்பு, எடை குறையறது எதுவும் இல்லை. அம்மாவே வீட்டுல காய்ச்சறாங்க. இப்ப ஒரு டம்ளர், வெங்காயம் இல்லை. ஒன்றரை லிட்டர் பாட்டில் மெஷின் பக்கத்துலயே இருக்கு. பகல் வாரத்துல தினமும் போகுது, ஊதல் பாதிக்குப் பாதி குறைஞ்சிடுச்சு. நைட் வாரம்தான் இன்னும் இழுக்குது. அக்கா, இந்த வெயில்ல ரெண்டாம் நாளே கடுப்பா புளிச்சிடுதே?

குடியாத்தம் அக்கா:
சட்டியை ஈர மணல் மேல வெச்சு, ஈரத்துணி சுத்துப்பா. நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு ஒரு ராத்திரிக்கு மேல தாங்காது. பூசணமோ கெட்ட வாடையோ வந்தா யோசிக்காம கொட்டிடு.