செக்டர் மாறும் விமானம்: தொலைபேசி ஒருங்கிணைப்பை நிறுத்தலாமா?

வரைபடம்:
ஒரு விமானம் ஒரு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் வான்பகுதியிலிருந்து (செக்டர்) அடுத்தவரின் பகுதிக்குள் நுழையும் முன், "இன்ன விமானம், இன்ன உயரம், இத்தனை மணிக்கு எல்லைக்கு வரும்" என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். பல மையங்களுக்கு இடையே இது இன்னும் தொலைபேசியில்தான் நடக்கிறது. 330 (அதாவது 33,000 அடி) என்று சொன்னது 320 என்று காதில் விழுகிறது. இல்லையென்றால் நடுவில் உயரம் மாறியதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 29,000 அடியிலிருந்து 41,000 அடி வரை விமானங்களுக்கு இடையே மேலும் கீழும் 1,000 அடிதான் இடைவெளி. ஒரு இலக்கம் தவறினால் அந்த இடைவெளி மொத்தமும் போய்விடும். குரலை நிறுத்திவிட்டு, கணினிக்குக் கணினி செய்தி அனுப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் வாதம்.

பழைய_ஹெட்செட்:
நண்பரே, 26 வருடம் ரேடார் முன் உட்கார்ந்தவன் நான். கணினிச் செய்தி வேண்டாம் என்று சொல்லவில்லை, குரலை நிறுத்துவதைத்தான் எதிர்க்கிறேன். 2006 செப்டம்பர் 29, பிரேசிலை எடுத்துக்கொள்ளுங்கள். லெகசி என்ற சிறிய ஜெட் 37,000 அடியில் பறந்துகொண்டிருந்தது. பிரசிலியாவைத் தாண்டியதும் 36,000க்கு இறங்க வேண்டும் என்பது பயணத் திட்டம். இறங்கச் சொல்லி யாரும் உத்தரவு தரவில்லை. ஆனால் திரையில் விமானத்தின் லேபிளில் திட்ட உயரம் தானாகவே 360 ஆகிவிட்டது. அப்புறம் விமானத்தின் உயரத்தை ரேடாருக்கு அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியும் நின்றுபோனது. ஷிப்ட் மாறியபோது "360இல் இருக்கிறது" என்று ஒருவர் அடுத்தவரிடம் சொன்னார். அவர்கள் பக்கத்து அமேசான் மையத்துக்கும் அதையே சொன்னார்கள். எதிரே 370இல் வந்த கோல் நிறுவனத்தின் போயிங் 737இல் இருந்த 154 பேரும் இறந்தார்கள். அந்தத் தவறான எண்ணைத் திரையில் போட்டது கணினி.

வரைபடம்:
சரி, ஆனால் அதைப் பக்கத்து மையம் வரை கொண்டுபோனது மனிதக் குரல்தானே ஐயா? திட்ட உயரத்தையும் உத்தரவு கொடுத்த உயரத்தையும் ஒரே இடத்தில் காட்டியது வடிவமைப்புப் பிழை. அதைத் திருத்த முடியும். மனிதனின் மறதியை எப்படித் திருத்துவது?

மழைக்குருவி:
1996இல் டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரி மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்ததும் இதே வகைதானே?

பழைய_ஹெட்செட்:
இல்லை தம்பி. அங்கே இரண்டு விமானங்களும் ஒரே கட்டுப்பாட்டாளரிடம்தான் இருந்தன. 15,000 அடியில் நிற்க வேண்டிய கசாக் விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அதை இந்த வாதத்தில் சேர்க்க வேண்டாம்.

வரைபடம்:
அப்படியானால் 2002 ஜூலை 1, ஜெர்மனியின் யூபர்லிங்கன். ஜூரிச் மையத்தின் பொறுப்பில் இருந்த இரண்டு விமானங்கள் மோதப் போவதைப் பக்கத்து கார்ல்ஸ்ரூ மையம் தன் திரையில் பார்த்தது. பலமுறை போன் செய்தார்கள். ஜூரிச்சின் முக்கியத் தொலைபேசி இணைப்பைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள், மாற்று இணைப்பும் வேலை செய்யவில்லை. 71 பேர் போனார்கள். தொலைபேசியை நம்பியதற்குக் கொடுத்த விலை அது.

பழைய_ஹெட்செட்:
நீங்கள் சொன்னதையே திரும்பப் படியுங்கள். கார்ல்ஸ்ரூ பார்த்தது, ஆனால் சொல்ல வழியில்லை. அந்த விமானங்கள் அவர்கள் கையில் இல்லை. ஜூரிச்சில் இருந்தவரிடம் பேச முடிந்திருந்தால் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் கிடைத்திருக்கும். குரல் இல்லாமல் போனதால் நடந்ததைக் காட்டி, குரலே வேண்டாம் என்கிறீர்களே!

இரவுப்பணி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அன்று ஜூரிச்சில் இன்னொருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். ஒருவரே இரண்டு திரைகளுக்கு முன் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தார், தாமதமாக வந்த மூன்றாவது விமானத்தைத் தரையிறக்கவும் போராடினார். 1976 செப்டம்பர் 10, அன்றைய யூகோஸ்லாவியாவின் சாகிரெப் அருகே இரண்டு விமானங்கள் மோதிய விபத்தும் அப்படித்தான். மாற்று ஆள் நேரத்துக்கு வரவில்லை, கூட இருந்தவர் அவரைத் தேடி வெளியே போனார், உயரத்தில் பறக்கும் விமானங்களைப் பார்க்கும் மேல் செக்டரில் ஒருவர் மட்டும் மிஞ்சினார். மேலே ஏறிக்கொண்டிருந்த டிசி-9 விமானம் முறையான ஒருங்கிணைப்பு இல்லாமல் அவர் கைக்கு வந்தது. 176 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் மீது வழக்கு நடந்தது, தண்டனை மட்டும் அந்த ஒருவருக்கு, ஏழு வருடம். எனக்கு இன்றும் மனசு ஆறாத தீர்ப்பு அது. போனா கணினியா என்று கேட்கும் முன், நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

வரைபடம்:
ஆள் பற்றாக்குறையை மறுக்கவில்லை. ஆள் குறைவாக இருக்கும் இடத்தில்தான் கணினி இன்னும் அதிகம் தேவை. ஒரு விமானத்துக்கு ஒரு போன் என்றால் ஒருவரால் எத்தனை போன் பேச முடியும்?

பழைய_ஹெட்செட்:
அதில் உடன்படுகிறேன். வழக்கமான கைமாற்றைக் கணினியே பார்க்கட்டும். எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு இரவு பக்கத்து மையம் ஒரு விமானத்தை 350இல் தருவதாகச் செய்தி அனுப்பியது. ஏற்றுக்கொண்டு ஸ்ட்ரிப்பில் (விமான விவரம் எழுதும் காகிதப் பட்டை) 350 எழுதிவிட்டேன். பிறகு விமானி 370 கேட்டிருக்கிறார், அவர்களும் கொடுத்துவிட்டார்கள், எனக்குச் சொல்லவில்லை. என் ஃப்ரீக்வென்சிக்கு வந்து முதல் அழைப்பிலேயே விமானி "லெவல் 370" என்றார். குறுக்குப் பாதையில் அதே 370இல் இன்னொரு விமானம், சந்திப்புப் புள்ளிக்கு நான்கு நிமிடம். என்னிடம் பேசினாலும் எல்லை தாண்டும்வரை அது அவர்களுடைய விமானம். அனுமதி இல்லாமல் நான் அதைத் திருப்ப முடியாது. பக்கத்து மையத்துக்கான நேரடித் தொலைபேசி, ஹாட்லைனை அமுக்கினேன். "வலது பக்கம் திருப்பலாமா?" "திருப்பு." இவ்வளவுதான் பேச்சு. பென்சிலால் 350ஐ அடித்துவிட்டு 370 எழுதும்போது கை நடுங்கியது, அந்த எழுத்தை எனக்கே படிக்க முடியவில்லை.

மழைக்குருவி:
விமானி முதல் அழைப்பில் உயரத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால்?

பழைய_ஹெட்செட்:
ரேடார் லேபிளில் தெரிந்திருக்கும், நான் அந்த நொடி அங்கே பார்த்திருந்தால். ரேடார் எட்டாத கடல் பகுதியில் அதுவும் கிடையாது. அதனால்தான் உயரத்தைச் சொல்லாத விமானியிடம் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும் என்று புதிதாக வருபவர்களிடம் விடாமல் சொல்வேன்.

வரைபடம்:
உங்கள் அனுபவத்தில் பிழை, ஒப்புதலுக்குப் பிறகு வந்த மாற்றத்தில்தான். 370 கொடுத்த கணமே திருத்தச் செய்தி தானாகப் போய், நீங்கள் ஏற்கும்வரை அந்த லேபிள் வேறு நிறத்தில் நின்றிருந்தால் போனே தேவைப்பட்டிருக்காது. சரி, கடைசி நிமிட மாற்றத்துக்கும் எல்லைக்கு முன் திருப்புவதற்கும் ஹாட்லைன் இருக்கட்டும். அந்த அளவுக்கு என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

இரவுப்பணி:
நிறம் மாறட்டும், நல்லதுதான். ஆனால் நெரிசலான நேரத்தில் பத்து லேபிள்கள் ஒன்றாக நிறம் மாறி நிற்கும்போது, எண்ணைப் படிக்காமல் வரிசையாக 'ஏற்றேன்' என்று அமுக்கிக்கொண்டு போகிறவரை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன செய்வீர்கள்?