பழைய டிராக்டர்: புது பேட்டரி போட்டும் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது

வாழப்பாடி குச்சிக்கிழங்கு:
வணக்கங்க. அப்பா 1990களில் வாங்கிய மூன்று சிலிண்டர், 35 எச்.பி. டிராக்டர் இன்னும் எங்களிடம் ஓடுகிறது. மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் செல்ஃப் அடித்தால் எஞ்சின் முக்கி முக்கிச் சுற்றி நின்றுவிடுகிறது. வெயில் ஏறிய பிறகு தேவலை, ஆனாலும் பழைய வேகம் இல்லை. பிடித்துவிட்டால் ஒரு குறையும் இல்லை, இழுவை நன்றாக இருக்கிறது. பேட்டரி போன மாதம்தான் மாற்றினோம், 88 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரி கொள்ளளவு). ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது.

இப்போதைக்கு மேட்டில் நிறுத்தி, காலையில் இறக்கத்தில் உருட்டிப் பிடிக்க வைக்கிறோம். கிழங்கு பிடுங்கும் நேரம். லோடு ஏற்றிக்கொண்டு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக்குப் போனால் அங்கே சமதரை, வரிசையில் நிற்கும்போது ஆஃப் பண்ணவே பயமாக இருக்கிறது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் (உள்ளே கம்பியைப் புதிதாகச் சுற்ற) கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

ஆத்தூர் நெல்வயல்:
மோட்டார் உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் ஆர்மேச்சர் (சுற்றும் பாகம்) ஒரு பக்கமாகச் சாய்ந்து உரசும், அப்போதும் இப்படித்தான் முக்கும். ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பனையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வண்டியில் அதுதான் கோளாறு.

செவ்வாய்ப்பேட்டை பழைய எலக்ட்ரீசியன்:
தம்பி, மோட்டாரில் இப்போது கை வைக்காதீர்கள். அளந்து பார்க்காமல் ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். ஆத்தூர்க்காரர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான், ஆனால் அது கடைசியில் பார்க்க வேண்டியது.

லைட் எரிவதை நம்பாதீர்கள். ஹெட்லைட் பல்பு இழுப்பது நாலைந்து ஆம்பியர். செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர், அதற்கு மேலும் இழுக்கும். வழியில் எங்கோ 0.01 ஓம் தடை இருந்தால் பல்புக்கு அது தெரியவே தெரியாது. 200 ஆம்பியர் ஓடும்போது அதே இடம் 2 வோல்ட்டைத் தின்றுவிடும். பழைய வண்டிகளில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான்: பேட்டரி நல்லது, மோட்டார் நல்லது, நடுவே கேபிள் கெட்டது.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கியர் நியூட்ரலில், பிரேக் பூட்டி, எஞ்சின் பிடிக்காதபடி ஸ்டாப்பரை (டீசலை நிறுத்தும் கம்பியை) இழுத்துவிட்டு வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். முதலில் பேட்டரியின் இரண்டு முனையில் மீட்டர். சும்மா இருக்கும்போது 12.6 காட்ட வேண்டும். அடிக்கும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சரியில்லை, இல்லை மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. 11க்கு மேலே நின்றுகொண்டே மெதுவாகச் சுற்றினால், கரண்ட் போகிற வழியில்தான் அடைப்பு.

அப்புறம் ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் கட்டையிலும் (கிளாம்பில் அல்ல, ஈயக் கட்டையிலேயே), மறுமுனையைச் செல்ஃப் மோட்டார் உடம்பிலும் வைத்து அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் (மைனஸை வண்டி இரும்போடு சேர்க்கும் இணைப்பு) கெட்டது. பிளஸ் கட்டையிலிருந்து மோட்டார் முனைக்கும் அதேபோல; அங்கே 0.5 வரை விடலாம்.

ஸ்க்ரூடிரைவர் வைத்து மோட்டாரில் நேரடியாகத் தட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கியரில் கிடந்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறிவிடும்.

நாகலூர் காபித் தோட்டம்:
மலையில் எங்களுக்கு வருஷா வருஷம் இதே பாடு. குளிரில் 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் தேன் மாதிரி கெட்டியாகிவிடும். உங்கள் வண்டிப் புத்தகம் அனுமதித்தால் 15டபிள்யூ-40க்கு மாறுங்கள். கிளட்ச்சை முழுவதும் மிதித்துக்கொண்டு அடியுங்கள், கியர்பாக்ஸ் ஆயிலையும் சேர்த்துச் சுற்றுகிற பாரம் மோட்டாருக்குக் குறையும்.

வாழப்பாடி குச்சிக்கிழங்கு:
அளந்தேன் ஐயா. அடிக்கும்போது பேட்டரியில் 11.2. பிளஸ் பக்கம் 0.4. எர்த் பக்கம் 1.4! எர்த் பட்டையைக் கழற்றினால் அடியில் பெயின்ட், அதன் மேல் துரு. வண்டிக்குப் பெயின்ட் அடித்தபோது அந்த இடத்திலும் சேர்த்தே அடித்திருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, புதுப் பட்டை போட்டு முடுக்கினோம். இப்போது எர்த் 0.1. விடியற்காலையிலேயே உடனே பிடித்துக்கொண்டது. மனசு நிறைந்த நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: அடிக்கும்போது பேட்டரி வோல்ட் முன்பைவிடக் குறைந்து 10.6 காட்டுகிறதே?

செவ்வாய்ப்பேட்டை பழைய எலக்ட்ரீசியன்:
அது சரியான அளவுதான், பயப்பட வேண்டாம். தடை போனதும் மோட்டார் இப்போது முழுக் கரண்ட் இழுக்கிறது, அதனால் பேட்டரி கொஞ்சம் இறங்கும். முன்பு மோட்டாருக்குக் கிடைத்தது 9.4தான் (11.2-ல் 0.4-ம் 1.4-ம் போக), இப்போது 10 பக்கம் கிடைக்கும். முடுக்கிய இடத்தின் மேல் வாசலின் தடவி விடுங்கள், மழைக்குத் துரு ஏறாது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை வருகிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். அது வந்தால் சேகோ ஃபேக்டரி வரிசையில் தைரியமாக ஆஃப் பண்ணலாம்.