வளைவுல வண்டி ரொம்ப சாயுது, அவசரம்!

சேலத்துக்காரன்: வணக்கம். வளைவுல திரும்பினா வண்டி கவிழ்ற மாதிரி சாயுது. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட கொல்லிமலை போறோம், 70 கொண்டை ஊசி வளைவு. என்ன மாத்தணும்? சீக்கிரம் சொல்லுங்க.

மதுரை மணி: என்ன வண்டி? எந்த வருஷம்? எத்தனை பேர் போறீங்க?

பழைய டீசல்: டயர்தான், கண்ணை மூடிட்டுச் சொல்வேன். அமெரிக்காவுல ஃபயர்ஸ்டோன் டயர் பட்டை உரிஞ்சு ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வரிசையா உருண்டுச்சே, 2000-ல 65 லட்சம் டயரைத் திரும்பக் கேட்டாங்க. ஃபோர்ட் வைக்கச் சொன்ன காத்தே வெறும் 26 தான். நீங்க எவ்வளவு வெச்சிருக்கீங்க?

சேலத்துக்காரன்: காத்து சரியாத்தான் இருக்கு. 7 சீட்டர் எஸ்யூவி, செகண்ட் ஹேண்ட்.

மதுரை மணி: சரியான்னா எவ்வளவுங்க? மேல கேரியர் இருக்கா?

அண்ணாச்சி: தேடிப் பார்த்துட்டுக் கேட்கிற பழக்கமே போச்சு. இடது, வலது சக்கரத்துக்கு நடுவுல உள்ள அகலத்துல பாதியை, ஈர்ப்பு மையத்தோட உயரத்தால வகுங்க. கார்னா 1.3-க்கு மேல வரும், எஸ்யூவி பெரும்பாலும் அதுக்குக் கீழ. குறைய குறைய உருள்றது சுலபம். பள்ளிக்கூடப் பாடம் இது.

கவிதா: அண்ணாச்சி, அவர் மலை ஏறணும், பரீட்சை எழுதப் போகல. தம்பி, வண்டியைத் தூக்கிக் கட்டியிருக்கா?

சேலத்துக்காரன்: ஆமாக்கா. முந்தின ஓனர் ஸ்பேசர்னு ஸ்பிரிங்குக்கு ஒரு கட்டை வெச்சு ரெண்டு இஞ்ச் ஏத்தியிருக்கார். 9 பேர் போறோம். பெட்டி, சாப்பாட்டு அண்டா எல்லாம் கேரியர்ல.

மதுரை மணி: இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன!

கவிதா: ஸ்பேசரைக் கழட்டுங்க. அண்டாவைக் கீழ வைங்க. வண்டி சாயாம பிடிக்கிற ஸ்டெபிலைசர் கம்பியோட லிங்க், ரப்பர் புஷ் ரெண்டையும் மெக்கானிக்கிட்ட பார்க்கச் சொல்லுங்க. மலையில நீங்க மெதுவாத்தான் போவீங்க. எனக்கு பயம் திரும்பி வர்ற ஹைவேதான். தூக்கக் கலக்கத்துல ஒரு சக்கரம் தாரை விட்டு மண்ணுல இறங்கும். பதறிப்போய் ஸ்டீயரிங்கை வெடுக்குனு இழுப்போம். மண்ணுல பக்கவாட்டா சறுக்குற டயர் புதைஞ்சு மாட்டும், மேல்பாரம் வண்டியைப் புரட்டிடும். இறங்கிட்டா பிரேக்கை ஏறி மிதிக்காம, காலை எடுத்து வேகம் குறைஞ்சதும் மெல்ல ஏத்துங்க.

பழைய டீசல்: இஎஸ்சி, அதான் வண்டி சறுக்கினா தானா பிரேக் போட்டு நேராக்குற கருவி, அது இருந்தா இந்தக் கவலையே இல்ல. அமெரிக்காவுல 2012 மாடல்லேர்ந்து எல்லாக் காருக்கும் கட்டாயம்.

அண்ணாச்சி: இஎஸ்சி சறுக்கலைத்தான் பிடிக்கும். டயர் பள்ளத்துல மாட்டினப்புறம் அது என்ன பண்ணும்?

பழைய டீசல்: சறுக்காத வண்டி ஏன் சார் பள்ளத்துக்குப் போகுது?

மதுரை மணி: சண்டையைத் தனி இழையில வெச்சுக்குங்கப்பா. 7 சீட்டுல 9 பேர்னா ரெண்டு பேருக்கு பெல்ட் கிடையாது. உருள்றப்போ வெளிய தூக்கி எறியப்படுறவங்கதான் அதிகமா சாகுறாங்க.

சேலத்துக்காரன்: ஸ்பேசர் கழட்டியாச்சு. முன்பக்க லிங்க் ஒண்ணு உடைஞ்சு தொங்கிட்டிருந்துச்சு, மாத்தியாச்சு. சித்தப்பாவும் சித்தியும் பஸ்ல வர்றாங்க, அதுல கொஞ்சம் கோவம். நன்றி எல்லாருக்கும்.