அண்ணா போன பிறகு அம்மா கோயிலுக்கு வாறதில்ல, என்ன செய்றது?

உட்துறைமுகம்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க திருகோணமலை டவுனுக்குள்ள தான், கத்தோலிக்க குடும்பம். ஜூன்ல அண்ணா ஹார்ட் அட்டாக்ல போயிட்டார், ரெண்டு சின்னப் பிள்ளையள் இருக்கு. முப்பத்தோராம் நாள் பூசை வரைக்கும் வீடு நிறைய சனம், அதுக்குப் பிறகு எட்டிப் பாக்க ஆளில்ல. அம்மா விடியப்பூசை தவறவிடாத ஆள், இப்ப செபமாலைய அலுமாரிக்குள்ள வச்சிட்டு கோயில் பக்கமே வரமாட்டன் எண்டு நிக்கிறா. செத்தவீட்டுக்கு வந்த சனம் "ஆண்டவர்ட சித்தம், அழாதீங்க" எண்டு சொன்னது தான் அவக்கு கூடக் கோவம் எண்டு நினைக்கிறன். எனக்கும் உள்ளுக்குள்ள கேள்வி கிடக்கு, இப்பிடி அழுறது விசுவாசக் குறைவா? நம்பிக்கை நம்பிக்கை எண்டு பிரசங்கத்தில சொல்றாங்களே அது எங்க இருக்கு? சும்மா ஆறுதலுக்குச் சொல்லாம நேரா சொல்லுங்க.

சாட்சி77:
சகோதரி, துக்கத்தின் ஆவிய கடிஞ்சு துரத்துங்க. ரோமர் 8:28, சகலமும் நன்மைக்கு தான். துதிக்கத் துதிக்க பாரம் இறங்கும். அம்மாவுக்காக உபவாசம் எடுங்க.

மெதடிஸ்ட் தம்பி:
சாட்சி அண்ணா கோவிக்காதீங்க, அந்த 28ம் வசனத்துக்கு ரெண்டு வசனம் மேல பாருங்க. எங்களுக்கு என்னத்த வேண்டுறது எண்டே தெரியாதாம், ஆவியானவரே பெருமூச்சோட எங்களுக்காக வேண்டுறாராம். அந்தப் பெருமூச்ச விட்டுட்டு 28ம் வசனத்த மட்டும் வெட்டி எடுத்து செத்தவீட்டில சொன்னா அது குத்தும், எனக்கும் குத்தினது.

அக்கா, நீங்க யோவான் 11 வாசிங்க. லாசரு செத்து நாலு நாள். மார்த்தாளும் மரியாளும் ஆளுக்கொருக்கா இயேசுட்ட ஒரே குறையத்தான் சொல்றாங்க, நீர் இங்க இருந்திருந்தா என்ட சகோதரன் செத்திருக்கமாட்டான் எண்டு. உங்கட அம்மா சொல்றதும் இது தானே. அவர் ரெண்டு பேரையும் பேசவே இல்ல, மரியாளோட சேர்ந்து அழுதார். இன்னும் கொஞ்ச நேரத்தில லாசருவ எழுப்பப்போறார் எண்டு அவருக்குத் தெரியும், தெரிஞ்சும் அழுதார் எண்டா அழுகை விசுவாசத்துக்கு எதிரி எண்டு யார் சொன்னது? பவுலும் தெசலோனிக்கேயருக்கு எழுதேக்க துக்கப்படாதீங்க எண்டு சொல்லேல்ல, நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி துக்கப்படாதீங்க எண்டு தான் சொன்னவர்.

நிலாவெளிக்காரன்:
தங்கச்சி, நான் கொஞ்சம் நீட்டி எழுதுறன். 2004 டிசம்பர் 26 ஞாயிறு, நத்தாருக்கு அடுத்தநாள் காலம சுனாமி வந்து எங்கட மாமியையும் மச்சாளையும் கடல் கொண்டுபோனது. மச்சாள்ட உடம்பு கிடைக்கவே இல்ல. மாமா கனகாலம் கடற்கரைப் பக்கம் போகேல்ல, கோயிலுக்கும் போகேல்ல. முகாமுக்கு ஒரு பாதர் வருவார், பிரசங்கம் ஒண்டும் வைக்கமாட்டார், பிளேன்டீ குடிச்சிட்டு மாமாக்குப் பக்கத்தில பேசாம இருப்பார். வேதத்தில பிள்ளையள் எல்லாரையும் இழந்த யோபுட கூட்டாளிமாரும் முதல் 7 நாள் தரையில பேசாம இருந்தவங்க, வாய் திறந்த பிறகு தான் எல்லாம் பிழைச்சது. கடைசியில கடவுள் அவங்களத் தான் கோவிக்கிறார், கத்தின யோபு சரியாப் பேசினான் எண்டுறார்.

நம்பிக்கை எங்க எண்டு கேட்டீங்க. மாமாக்கு அது திருவெளிப்பாடு 20:13ல கிடைச்சது, கடல் தன்னட்ட இருக்கிற செத்தவங்கள ஒப்புக்குடுக்கும் எண்டு கிடக்கு. "நல்ல இடத்துக்குப் போயிட்டா" எண்டு சனம் சொன்னது அவருக்கு ஏறவே இல்ல, என்ட பிள்ளைய கடல் திருப்பித் தரணும் எண்டது தான் ஏறினது. உடல் உயிர்க்கும் எண்டு தானே நாங்க கிழமைக்குக் கிழமை கோயில்ல சொல்றம், அது சும்மா மனசத் தேத்துற கதையில்ல, கணக்கு முடியேல்ல எண்டு சொல்ற கதை. மாமா பிறகு கோயிலுக்கு வந்தவர், ஆனா கடைசி மட்டும் பாட்டுப் பாடேல்ல. அதுவும் சரி தான்.

பக்கத்து வீட்டு சைவம்:
நான் சைவம், வேதம் தெரியாது, ஆனா ஒண்டு சொல்றன். அந்தியேட்டி (31ம் நாள் கிரியை) முடிஞ்சாப் பிறகு சனம் வராதது எங்களிலயும் இப்பிடித்தான். அம்மா சாப்பிடுறாவா, நித்திரை கொள்ளுறாவா எண்டு பாருங்க, ரெண்டும் மாசக்கணக்கில இல்லையெண்டா ஆஸ்பத்திரியில மனநல டொக்டரக் காட்டுங்க, வெக்கப்பட ஒண்டுமில்ல. அண்ணிட பிள்ளையளையும் அடிக்கடி அவவிட்ட விடுங்க.

உட்துறைமுகம்:
எல்லாருக்கும் நன்றி, அழுதழுது தான் வாசிச்சன். சாப்பாடு பரவாயில்ல, நித்திரை தான் குறைவு, டொக்டர்ட கேக்கிறன். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருது, கோயிலுக்கு எண்டு சொல்லாம அண்ணாட கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்தப் போவம் எண்டு கேட்டா வருவாவோ? இன்னொண்டு, திருப்பாடல் 88 எண்டு ஒரு பாட்டு கண்டன், கடைசி வரி வரைக்கும் இருட்டாவே முடியுது, அத அம்மாக்கு வாசிச்சுக் காட்டலாமா?

மெதடிஸ்ட் தம்பி:
தாராளமா காட்டுங்க அக்கா. நீங்க திருப்பாடல் எண்டுறத நாங்க சங்கீதம் எண்டுறம், மொத்தம் 150, அதில மூண்டில ஒரு பங்குக்குக் கிட்ட புலம்பல் தான், 88 அதில கடும் இருட்டு, ஆனா அதுவும் கடவுளப் பாத்துத் தான் கத்துது. புலம்பல் ஆகமத்தையும் பாருங்க. அவர்ட இரக்கம் காலம காலம புதுசு எண்ட வசனம் நடுவில 3ம் அதிகாரத்தில தான் வருது, புத்தகம் முடியேக்க திரும்பவும் எங்கள ஒரேயடியா தள்ளிப்போட்டீரோ எண்ட மாதிரி கேள்வி தான். அம்மாக்கு அந்த முடிவு தான் பிடிக்கும் எண்டு நினைக்கிறன்.

நிலாவெளிக்காரன்:
கல்லறைக்குக் கேளுங்க. வரமாட்டன் எண்டா வற்புறுத்த வேணாம், நீங்க பிள்ளையளக் கூட்டிட்டுப் போங்க, அடுத்த வருசமும் நவம்பர் 2 வரும் தானே.