ஞானக்கூத்தன் உங்களிடம் எப்படி வந்தார்? பெங்களூர் நண்பர்களின் நினைவுகள்

அல்சூரிலிருந்து, தொடங்கி வைக்கிறேன்:

ஜூலை 27 நெருங்குகிறது. 2016-இல் அந்தத் தேதியில்தான் கவிஞர் ஞானக்கூத்தன் சென்னையில் காலமானார். அன்று அப்துல் கலாமின் முதலாண்டு நினைவு நாள் என்பதால் தொலைக்காட்சி முழுக்க அதுதான். நமக்கெல்லாம் செய்தி வந்தது வாட்ஸ்அப்பில். ஆகஸ்ட் 14 அன்று நா. முத்துக்குமாரும் போய்விட, ஊரே அழுதது. ஞானக்கூத்தனுக்கு அப்படி யாரும் அழவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. அவரை நினைத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது, மற்றதெல்லாம் கொஞ்சம் கழித்துத்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். திருஇந்தளூரில் 1938-இல் பிறந்தார், இயற்பெயர் ரங்கநாதன், திருமந்திரம் படித்துவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டார், ‘கசடதபற’, ‘ழ’ பத்திரிகைகளில் இருந்தார் என்று ஆரம்பிக்க வேண்டாம். அதெல்லாம் யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துக்கொள்ளலாம். அவருடைய எந்த வரி, எந்த நேரத்தில் உங்கள் முன்னால் வந்து நின்றது, அதை மட்டும் சொல்லுங்கள்.

எனக்குப் பெரியப்பா சாவில். கல்பள்ளி மயானத்துக்குத் தூக்கிப் போகிறோம். நல்ல வெயில். பறை முன்னால் போகிறது, நான் பின்பக்கம் தோள் கொடுத்திருக்கிறேன். எங்கிருந்தோ ஒரு செவலை நாய் வந்து பாடைக்குக் கீழே நுழைந்துகொண்டது. எங்களோடு அதுவும் நடக்கிறது. ‘நிழலுக்காகப் பாடையின்கீழ் பதுங்கிப் போச்சு நாயொன்று’ என்று அவர் எழுதியது சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்தால் தோள் குலுங்குகிறது. பக்கத்தில் வந்த சித்தப்பா, நான் தாங்க முடியாமல் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. பெரியப்பா தெரு நாய்களுக்கு பிஸ்கட் போடுகிற ஆள்.

ஜாலஹள்ளியிலிருந்து:

நான் பொதுத்துறை ஆலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரவு ஷிப்டில் கண் அசராதவன் எவனும் இல்லை. பஞ்சு மூட்டை இருக்கும் மூலை, ஸ்டோர்ஸ் பின்பக்கம், பழைய கிரேன் கேபின் என்று ஆளாளுக்கு ஓர் இடம். எங்கள் செக்‌ஷனில் திருவண்ணாமலைக்காரர் ஒருவர் நல்ல வாசகர். ஒருநாள் கேன்டீன் அறிவிப்புப் பலகையில் சங்கப் புலவர் மோசிகீரனார் பற்றிய ஞானக்கூத்தன் கவிதையைக் கையால் எழுதி ஒட்டிவிட்டார். உன் சங்கக் கவிதை எதையும் நான் இன்னும் படித்ததில்லை, ஆனாலும் உன்மேல் அளவில்லாத அன்பு தோன்றிவிட்டது என்று சொல்லிவிட்டுக் காரணத்தைக் கவிஞர் கடைசியில் சொல்வார்: ‘அரசாங்கத்துக் கட்டிடத்தில் தூக்கம் போட்ட முதல்மனிதன் நீதான்’.

விஷயம் புறநானூறு 50. அரச முரசை நீராட்ட எடுத்துப் போயிருக்கிறார்கள். களைத்து வந்த மோசிகீரனார், முரசு வைக்கும் கட்டில் என்று தெரியாமல் அதில் படுத்துத் தூங்கிவிடுகிறார். வெட்டிப் போட வேண்டிய குற்றம் அது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்காமல் விசிறியை எடுத்து வீசினான். பள்ளியில் இதைப் படித்தபோது மன்னனின் தமிழ்ப்பற்று என்று குறிப்பெழுதி மார்க் வாங்கினோம். ஞானக்கூத்தன் ஒருவர்தான் புலவரின் தூக்கத்தைக் கவனித்தார். பொதுப்பணித் துறையில் உட்கார்ந்திருந்த மனுஷன் அல்லவா, மத்தியானம் மூன்று மணி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

தமிழ் தெரியாத மேலதிகாரி ஒருவர் பலகை முன்னால் நின்று இது என்ன என்று கேட்டார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜா ஒருவரின் பெருந்தன்மை சார் என்றார் எங்கள் ஆள். வெரி குட் என்று சொல்லிவிட்டுப் போனார். ரொம்ப நாள் அந்தத் தாள் அங்கேயே இருந்தது.

ராமமூர்த்தி நகரிலிருந்து:

எனக்கு ‘அம்மாவின் பொய்கள்’. கல்லூரியில் ஒரு தோழி நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பெண்ணோடு பழகினால் காது அறுந்துபோகும், தப்பு செய்தால் சாமி கண்ணைக் குத்தும், உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று அம்மாக்கள் சொல்லும் பொய்களை வரிசையாகச் சொல்லி, ஏன் இப்போது நிறுத்திவிட்டாய் என்று கேட்பார். ‘தாய்ப்பாலை நிறுத்தல் போலத் தாய்ப்பொய்யை நிறுத்தலாமா’ என்ற வரியில் எல்லோரும் உருகுவார்கள். எனக்கு மட்டும் அங்கே ஒரு சின்னத் தகராறு உண்டு. எங்கள் அம்மா நிறுத்தவே இல்லையே! வாணியம்பாடியில் தனியாக இருக்கிறார். தினமும் போனில், “சாப்பிட்டேன் பாப்பா, இன்னிக்கு சாம்பார்”, “முட்டி வலியா, அது போயே போச்சு”, “கேஸ்காரன் வந்துட்டான்”. வாரக் கடைசியில் போய்ப் பார்த்தால் சிலிண்டர் காலி, தைலம் பாட்டிலும் காலி. அந்தக் கவிதை மகன்கள் எழுதுகிற கவிதை என்று நினைக்கிறேன். பெண் பிள்ளைகளிடம் அம்மாக்கள் கடைசி வரைக்கும் பொய் சொல்கிறார்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

ஜாலஹள்ளி சார், அந்தக் கேன்டீன் கதைக்காகவே தனியாக ஒரு டீ வாங்கித் தர வேண்டும்.

எனக்கு அவர் வந்தது 2016 செப்டம்பரில், அதாவது அவர் போன பிறகு. அதுவரை பெயர் மட்டும்தான் தெரியும். செப்டம்பர் 5 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தது, 12-ஆம் தேதி திங்கட்கிழமை இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். தமிழ்நாட்டு எண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. ஆபீஸில் மத்தியானமே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். என் வண்டி கிருஷ்ணகிரிப் பதிவு, டிஎன் 24. வீட்டு உரிமையாளர் ஹாசன் பக்கத்துக்காரர், எழுபது வயது. நான் வந்து சேர்வதற்குள் தன் காரை வெளியே எடுத்துத் தெருவில் நிறுத்திவிட்டு, என் வண்டிக்கு உள்ளே இடம் போட்டு வைத்திருந்தார். வண்டியை ஏற்றியதும் எண் பலகை மேல் ஈரக் கோணிச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டார். “நாளைக்குப் பால் நான் வாங்கித் தருகிறேன், நீ வெளியே போகாதே” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அன்று ராத்திரி தமிழ் குரூப்களில் ஒரே கொந்தளிப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் வீரவசனமாக எழுதித் தள்ளுகிறார்கள். பயத்தோடு உட்கார்ந்திருப்பது நாங்கள். அதற்கு நடுவில் யாரோ இரண்டே வரி போட்டார்:

‘எனக்கும் தமிழ்தான் மூச்சு
ஆனால் பிறர்மேல் அதை விடமாட்டேன்’

கீழே ஞானக்கூத்தன் என்று பெயர். அதற்கு உடனே திட்டு விழுந்தது, துரோகி என்றுகூட ஒருவர் எழுதினார். நான் கதவு இடுக்கு வழியே அந்தச் சாக்கைப் பார்த்துக்கொண்டே திரும்பத் திரும்பப் படித்தேன். வீம்பும் இல்லை, பணிவும் இல்லை. சத்தம் போடாத அந்த மனிதர் சாக்கைத் தொங்கவிட்டதும் இந்த வரியும் எனக்கு ஒன்றாகவே பதிந்துவிட்டன. இன்னொரு விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. ஞானக்கூத்தனின் தாய்மொழி கன்னடம்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

அதைச் சொல்வதற்குத்தான் காத்திருந்தேன். நாங்களும் அந்த வகைதான், கும்பகோணத்து மாத்வர்கள். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். எங்கள் கன்னடத்தில் பாதி தமிழ் கலந்திருக்கும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது நான் வாயைத் திறந்தாலே “நீவு தமிளா?” என்று கேட்டார்கள். கும்பகோணம் போனால் “நீங்க கன்னடக்காராள்தானே” என்பார்கள். என் மாமனார்தான் ஒருநாள் ‘அன்று வேறு கிழமை’யைக் கையில் கொடுத்து, “நம்மாத்துப் பையன் எழுதினது, படி” என்றார். அது 1973-இல் வந்த புத்தகம், பழுப்பேறி, அட்டை பிய்ந்து. தமிழை நன்றாகத் தெரிந்த ஒருவர், அதன் நாற்காலியில் ஏறி உட்காராமல் ஓரமாக நின்று பார்த்து எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வீட்டில் வேறு பாஷை பேசி வளர்ந்தவருக்குத்தான் அந்த ஓரம் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம். தப்பாகவும் இருக்கலாம், விமர்சகர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

கே.ஆர். புரத்திலிருந்து:

நான் சண்டைக்கு வருகிறேன் மேடம், மன்னிக்கவும்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகு குடும்பத்தோடு இங்கே வந்தோம். என் அப்பா பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததில்லை. அவருக்கு எழுத்தும் சுயமரியாதையும் வந்தது மேடையிலிருந்தும் படிப்பகத்திலிருந்தும்தான். பதினெட்டு வருடம் மூடிக் கிடந்த அல்சூர் திருவள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்ட் 9 அன்று கலைஞர் திறந்தபோது, முதல் ஆளாகப் போய்க் கூட்டத்தில் நின்றவர் அவர். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு ‘தலைவரார்களேங், தமிழ்ப்பெரு மக்களேங், வணக்கொம்’ என்று தொடங்கும் கவிதையைப் படித்தால் எப்படி இருக்கும்? மேடைத் தமிழை அவர் அச்சு அசலாகப் பிடித்திருக்கிறார், மறுக்கவில்லை. நானே சிரித்தேன். ஆனால் அந்த மேடைக்குக் கீழே யார் உட்கார்ந்திருந்தார்கள், எதற்காக உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அவர் பார்க்கவில்லை. இன்றைக்கும் என் கருத்து அதுதான்.

அவரை ஒதுக்கிவிட முடியவில்லை என்பதும் உண்மை. காரணம் ‘சைக்கிள் கமலம்’ கவிதை. மைதானத்தில் சுற்றிச் சுற்றிப் பழகியவள், கடுகுக்கு ஒரு தரம், மிளகுக்கு ஒரு தரம், விலை கூடுதல் என்று சண்டை போட இன்னொரு தரம் பறப்பவள். அப்படி ஒரு கமலம் எங்கள் லைன் வீடுகளிலும் இருந்தாள். பெயர்தான் வேறு.

அல்சூர்:

சரியான சண்டை அண்ணா. அந்த மேடைக் கவிதையைப் பற்றித் தனியாகவே பேசலாம். ஒரு குறிப்பு மட்டும்: அவரோடு ‘ழ’வில் இருந்த கவிஞர் ஆத்மாநாம் மறைந்தது இதே பெங்களூரில்தான், 1984 ஜூலை 6. இரண்டு பேரையும் சேர்த்து ஒரு மாலை வாசித்தால் என்ன?

பொம்மனஹள்ளியிலிருந்து:

நான் கவிதை வாசகி எல்லாம் இல்லை. கே.ஆர். புரம் அண்ணா சொன்னதால் கமலத்தைத் தேடிப் படித்தேன். நாற்பது வயதுக்கு மேல் ஸ்கூட்டி பழகிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்குக்குள் வண்டி விடமாட்டார்களாம், அதனால் லேஅவுட்டுக்குள்ளேயே. ‘குழந்தையும் மாடும் எதிர்ப்படா வழிகள் எனக்குத் தெரிந்து ஊரிலே இல்லை’ என்று இவர் எப்படி எங்கள் தெருவைப் பற்றி எழுதினார்? மாடு வந்தால் நானும் இறங்கிவிடுகிறேன். வீட்டுக்காரர் பின்னாடி ஓடி வந்து, “இறங்காதே, பிரேக்கைப் பிடி” என்று கத்துகிறார். அவர் மேல் இரண்டு முறை விட்டாயிற்று. இவருடைய புத்தகம் எங்கே கிடைக்கும்?

அல்சூர்:

முழுத் தொகுப்பு வந்திருக்கிறது. தமிழ்ச் சங்க நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் என் பிரதியைத் தருகிறேன். ஆட்டோவில் வாருங்கள் மேடம்.