கலைச்சொல் உதவி: பென்டிமென்டோ (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்புள்ள குழுவினருக்கு,
ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் பற்றிய ஆவணப்படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன். மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும், மன்னர் நான்காம் பிலிப் குதிரைமேல் அமர்ந்த ஓவியத்தில் (1635 வாக்கில்) மாட்டிக்கொண்டேன். குதிரையின் பின்னங்கால் பக்கம் உற்றுப் பார்த்தால் இன்னொரு கால் மங்கலாகத் தெரியும். முதலில் தீட்டியதை மறைத்து மேலே பூசியிருக்கிறார். எண்ணெய்ச் சாயம் நாள்பட நாள்பட ஒளிபுகும்படி ஆகிவிடும். பழைய கால் எட்டிப் பார்க்கிறது. இதைத்தான் பென்டிமென்டோ என்கிறார்கள். தமிழில் என்ன சொல்வது? 'திருத்தம்' என்றால் பள்ளி நோட்டு நினைவு வருகிறது.
– செ.

செ. அவர்களுக்கு,
இத்தாலிய வேருக்கு 'செய்ததற்கு வருந்துதல்' என்று பொருள். வள்ளுவர் 'எற்றென்று இரங்குவ செய்யற்க' என்றது இதைத்தான். ஆகவே 'இரங்குகோடு'. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.
– மா.

ஐயா, 'இரங்கல்' என்றாலே நாளிதழின் கறுப்புக் கட்டம்தான். குதிரைக்கு இரங்கற்பா வேண்டாமே. அதோடு, வெலாஸ்கெஸ் தூரிகையில் கோடு ஏது? எல்லாம் வண்ணத் திட்டுதான். பென்டிமென்டோ என்றே விடுங்கள், ஆங்கிலத்திலும் அப்படித்தான்.
– கு.

தமிழில் னகர மெய்யை அடுத்து டகரம் மயங்காது. 'பெண்டிமெண்டோ' என்றுதான் எழுதியாக வேண்டும். எழுதிப் பாருங்கள், பெண்டிர் யாரோ வந்து நிற்பார்கள்! நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம்' இருக்க நமக்கு ஏன் கடன்?
– மா.

புனையா ஓவியம் வண்ணம் தீட்டாத கோட்டுருவம் அல்லவா? வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்ஃபினி ஓவியத்தை அகச்சிவப்பில் படம் எடுத்தபோது அடியில் தெரிந்ததே, அந்த முன்வரைவுக்கு அது அருமையான சொல். எடுத்து வைத்துக்கொள்வோம். இங்கே வேண்டியது வேறு: தீட்டிவிட்டு மனசு மாறியது. வகுப்பில் நான் இதைச் சுவரை வைத்துத்தான் விளக்குவேன். இரண்டு கை சுண்ணாம்பு அடித்தும் போன தேர்தல் சின்னம் தெரிகிறதே, அது. 'மாற்றத்தடம்' சரிவருமா?
– வ.

சரி. ஒரு வரிக்குள் அடங்குகிறது. கு.வும் சம்மதித்துவிட்டார். அனுப்பிவிட்டேன், நன்றி. அப்புறம், 'ஒளிநிழல்' பற்றித் தனி மடல் போடுகிறேன்.
– செ.

அனுப்பியாயிற்று, சரி. ஆனால் தடம் என்பது நடந்துபோன கால் விட்டுச்செல்வது. அந்தக் குதிரை பின்னங்கால் இரண்டையும் ஊன்றி நின்ற இடத்திலேயே நிற்கிறது. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.
– மா.